திரும்பி வந்த கோபி மஞ்சூரியன்

2009 ஜூன் 13, சனிக்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். மோட்டார் போட்டது 5.05. பால் பாக்கெட் 5.20-க்கு வந்தது, ஒன்று லேசாகக் கசிந்திருந்தது, கழுவி வைத்தேன். கணவருக்குச் சர்க்கரை மாத்திரை ஏழு மணி. இட்லி, தேங்காய்ச் சட்னி. தாரணிக்கு இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். 9.15-க்கு கேஸை மூடி, பின்கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, வீட்டைப் பூட்டினோம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் 10.10 சிதம்பரம் பஸ்.

இது என் டைரியில் இருப்பது. பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் டைரி பழக்கமானதுதான். தண்ணீர்த் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், மிளகாய்த்தூள் டப்பாவில் தேதி எழுதி ஒட்டுவது எப்படி... இப்படியெல்லாம் உங்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். நெய்வேலியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். 'உங்கள் வீட்டில் எதுவுமே தப்பாக நடக்காதா மேடம்?'

நடக்கும். தேதி, நேரத்தோடு நடக்கும்.

அன்று இரண்டாம் சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமை என்றால் சிதம்பரத்தில் சைனீஸ் சாப்பாடு — பதினோரு வருடப் பழக்கம். என் தம்பி சேகருக்கு அங்கே ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகளை பைண்டிங் செய்து கொடுத்தே பிழைப்பு ஓடுகிறது. அவன் கடையிலிருந்து நாலு கடை தள்ளி, ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி அண்ணாமலை நகர் போகிற வழியில், அந்த ஓட்டல்.

வாசலில் இரண்டு சிவப்புக் காகித விளக்குகள். சுவரில் ஒரு டிராகன். வரைந்தவர் கோயில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். டிராகனுக்கு அப்படியே யாளி ஜாடை. உள்ளே ஏ.சி. போட்ட 'ஃபேமிலி ரூம்'. அந்த அறையில் ஒரே ஒரு வட்ட மேசை. அதன் நடுவில் சுற்றும் கண்ணாடிப் பலகை.

ஓட்டல்காரர் ஜமால் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். சிங்கப்பூரில் ஒரு சீன ஓட்டலில் பல வருடம் சமைத்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பார்த்த மாதிரி மேசை வேண்டும் என்று உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது அது. சுற்றும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டில் அதற்கு ராட்டினம் என்று பெயர்.

நமக்குச் சாப்பாடு என்றால் இலை. என் இலை, உன் இலை. பக்கத்து இலையில் ஒரு பருக்கை தெறித்தாலும் மன்னிப்புக் கேட்கிற ஜாதி நாம். எச்சில் என்ற ஒரு வார்த்தையில் பாதி வளர்ப்பு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஒரு வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் இருக்கும் கிண்ணத்தில் ஆளுக்கு ஆள் ஸ்பூனை விடுவது என்றால்? முதல் மாதம் எனக்கு உடம்பு கூசியது. மூன்றாவது மாதம் பழகிவிட்டது. கடைசித் துண்டு சில்லி சிக்கனை சேகர் தன் ஸ்பூனாலேயே இரண்டாக வெட்டுவான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

போன நவம்பரில் தவறியது.

சேகருக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். சளியைப் பரிசோதித்தார்கள். டி.பி.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை, வாரம் மூன்று நாள், ஒரு நாள் விடக்கூடாது, குணமாகிவிடும். சளியில் கிருமி போகும்வரை குழந்தை கொஞ்ச நாள் தள்ளி இருந்தால் நல்லது. அந்தக் குழந்தைதான் தாரணி. ஒன்பது வயது. சேகருக்கும் விஜயாவுக்கும் ஒரே பெண். நவம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை, ஒரு துணிப்பையும் புத்தகப் பையுமாக அவளைக் கடலூருக்கு அழைத்து வந்தேன்.

'கொஞ்ச நாள்' என்றால் எத்தனை நாள்?

ஜனவரியில் எடுத்த சோதனையிலேயே சளியில் கிருமி இல்லை. அப்போதே அனுப்பியிருக்கலாம். வருடத்தின் நடுவில் எதற்குப் பள்ளி மாற்ற வேண்டும், முழுப் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது. வெயில் ஜாஸ்தி, லீவு முடியட்டும் என்றேன். மே மாதம் அவன் மாத்திரையும் முடிந்தது. கடைசி ரிசல்ட் வரட்டும் என்றேன். எல்லாத் தேதியும் டைரியில் இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் பின்னல் போட ஒரு தலை இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும் டைரியில் இல்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதுதான் கஷ்டம்.

நான் அறிவியல் டீச்சர். நோய்கள் பாடம் நடத்தாத வருடம் கிடையாது. காசநோய் காற்றின் மூலம் பரவும்; தட்டு, டம்ளர் வழியாகப் பரவாது; மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும் — போர்டில் எழுதிப் போட்டு, கோடிட்ட இடமாகக் கேட்டு, தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்தவள்.

அதே நான் டிசம்பரில் பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். பேர் வெட்டுகிற மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர், "என்னா பேரும்மா வெட்டணும்?" என்றார். "சே" என்று மட்டும் வெட்டச் சொன்னேன். மாதம் ஒருமுறை சேகர் பெண்ணைப் பார்க்க வருவான். அவனுக்கென்று அந்தத் தட்டு, அந்த டம்ளர். மற்ற பாத்திரங்களோடு கலக்காமல் இருக்க, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் தனி ஆணி, அதில் ஒரு பை.

தாரணிக்கு நாலு விதிகள் சொன்னேன். குழந்தைக்குப் புரியும்படி, சின்னச் சின்ன வாக்கியமாக. அவள் கெட்டிக்காரி. ஒரே நாளில் மனப்பாடம்.

ஜூன் 9 இரவு எட்டு மணிக்கு சேகர் போன் செய்தான்.

"அக்கா, ரிசல்ட் வந்துடுச்சி. நெகட்டிவ். சனிக்கெழம எல்லாரும் வாங்க, பாய் கடைக்குப் போவோம். அப்பிடியே பாப்பாவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். இங்க ஸ்கூல்ல பேசி வச்சிட்டேன், அஞ்சாவதுல சேத்துக்கிறேன்னாங்க. புது பேக்கு வாங்கிட்டேன், ரோஸ் கலரு."

"பாக்கலாம்டா," என்றேன்.

"என்னாத்தப் பாக்கறது?"

"வரோம்ல. வந்து பேசிக்கலாம்."

சனிக்கிழமை கிளம்பும்போது தாரணியின் துணிமணியை நான் கட்டவில்லை. ஒரே ஒரு மாற்று கவுன் எடுத்துக்கொண்டேன். அதுவும் சாஸ் சிந்தினால் மாற்றுவதற்கு. பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மனதில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது. அந்த மேசையில் எப்போதும் பங்கு போடுகிறவள் நான்தான். எல்லாக் கிண்ணமும் வந்ததும் முதலில் சேகருக்கு வைத்துவிட வேண்டும். நிறைய, மறுபடி வேண்டாம் என்கிற அளவுக்கு. அப்படிச் செய்தால் அவன் ஸ்பூன் பொதுக் கிண்ணத்துக்கு வராது. பார்க்கிறவர்களுக்குப் பாசமாகவும் தெரியும்.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று பஸ்ஸில் எனக்கு என் மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

12.20-க்கு ஓட்டல். சேகரும் விஜயாவும் முன்பே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். சேகர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கழுத்தில் இன்னும் எலும்பு தெரிந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. பக்கத்து நாற்காலியில், ஒரு ஆளைப் போல நிமிர்ந்து, கவர் பிரிக்காத ரோஸ் கலர் ஸ்கூல் பேக்.

"வாங்க மாமா!" என்று எழுந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா மச்சான், மாப்பிள்ள கணக்கா வந்துருக்க?"

"இன்னிக்கு ரெண்டாவது கல்யாணம் மாமா. விஜயாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

"பண்ணிக்கங்க, பண்ணிக்கங்க. ஏழு மாசம் உங்களுக்கு முட்ட அவிச்சிக் குடுத்தே நான் ஓய்ஞ்சிட்டேன். வர்றவ அவிக்கட்டும்," என்றாள் விஜயா.

எல்லோரும் சிரித்தோம். சேகர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என்னிடம் கொடுத்தான். ரிசல்ட். படித்தேன். தேதியைப் பார்த்தேன். பெயரையும் வயதையும் சரிபார்த்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"ரெண்டு வாட்டி படிச்சிட்ட," என்றான். "மூணாவது வாட்டி வேணாம்கா. குடு."

தாரணி என் பக்கத்திலேயே நின்றாள். சேகருக்கு நேர் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. "இங்க வா பாப்பா" என்று அதைக் காட்டினான். அவள் அதில் உட்காராமல், எனக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்து அவன் சிரித்தான். எனக்குத் தெரியும், அது மூன்றாவது விதி.

ஜமால் பாய் ஆர்டர் எடுக்கத் தானே வந்தார். "வாங்க டீச்சரம்மா! எவ்ளோ மாசமாச்சு. நா என்னமோ வேற கடைக்கு மாறிட்டீங்களோன்னு நெனச்சேன். சேகர் தம்பி ஏன் இப்பிடி எளச்சிப் போயிட்டாரு?"

"டைபாய்டு," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

சேகர் என்னைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். "டி.பி. பாய். ஆறு மாசம் மாத்திர சாப்ட்டேன். இப்ப ஒண்ணுமில்ல."

பாய் பேனாவைக் காதில் சொருகினார். "அல்ஹம்துலில்லாஹ். எங்க வாப்பாவுக்கு இருந்துச்சி தம்பி. அதுக்கப்பறம் முப்பது வருசம் உசுரோட இருந்து எங்கள வெரட்டுனாரு. நல்லா சாப்புடுங்க. இன்னிக்கு சூப்பு நானே வைக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதற்குப் பொய் சொன்னேன்?

சூப். அங்கே ஒன் பை டூ சொன்னால் ஒரே கிண்ணத்தில் கொண்டுவந்து, கூடவே இரண்டு காலிக் கோப்பைகள் வைப்பார்கள். நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். என் ஒன் பை டூ எப்போதும் சேகரோடுதான். "எனக்கு வேணாம், தொண்ட சரியில்ல" என்றேன். தொண்டை சரியில்லாதவர்கள்தான் சூப் குடிப்பார்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மச்சான், நீயும் நானும் ஒன் பை டூ" என்று கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் வந்தன. மிக்ஸட் ஃப்ரைட் ரைஸ் இரண்டு, நூடுல்ஸ் ஒன்று, சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன். பதினோரு வருடமாக மாறாத ஆர்டர். ராட்டினத்தில் ஐந்து கிண்ணங்கள், ஆவி பறக்க. நான் திட்டப்படி எழுந்து சேகரின் தட்டை வாங்கினேன். ரைஸ் வைத்தேன், அதன் மேல் நூடுல்ஸ், ஒரு பக்கம் சிக்கன் ஆறு துண்டு, இன்னொரு பக்கம் கோபி.

"என்னக்கா இது, கல்யாணப் பந்தியா? மத்தவங்களுக்கு ஏதாச்சும் வையி."

"சாப்புடுடா. ஒடம்பு தேற வேணாமா?"

"தேறிடுச்சின்னுதான் வந்துருக்கேன்," என்றான்.

சாப்பிட்டோம். என் கணவரும் அவனும் மின்வெட்டு பற்றிப் பேசினார்கள். ஜெராக்ஸ் மிஷினை ஓட்ட இன்வெர்ட்டர் வாங்கலாமா, ஜெனரேட்டரா? விஜயா எழுந்து வந்து தாரணியின் ரிப்பனைச் சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சேகர் கடைக்கு வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். பக்கத்துக் கடைக்காரர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். "காயிதத்துல ஒட்டிக்கிட்டு வருமாம் மாமா, டி.பி. படிக்கிற புள்ளைங்களே சொல்லுது," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். படித்தவர்கள் இப்படி இருக்கலாமா என்றுகூடச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஜன்னல் திறக்காத ஏ.சி. அறை. ஒன்றரை மணி நேரம் அவன் விட்ட மூச்சைத்தான் நாங்கள் எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி எனக்கு ஒரு பயமும் வரவில்லை. பயமெல்லாம் ஸ்பூன் மேல். நோய்க்குப் பயந்தேனா, எச்சிலுக்குப் பயந்தேனா? பாடப் புத்தகத்தில் இருந்தது ஒன்று, என் கையில் இருந்தது வேறொன்று.

1.25 இருக்கும். சேகர் தட்டு காலி. நான் வைத்தது போதவில்லை. அவனுக்குப் பசி திரும்பிவிட்டது என்பதைத் திட்டம் போடும்போது நான் யோசிக்கவில்லை. ராட்டினத்தைச் சுழற்றினான். கிரீச். கோபி கிண்ணம் அவன் முன்னால் நின்றது. அதற்கென்று போட்டிருந்த கரண்டியை எடுக்கவில்லை. தன் ஸ்பூனையே விட்டான், எப்போதும் போல. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறுபடி அதே ஸ்பூனால் கிளறி, அடியில் இருந்த பெரிய துண்டை மேலே தள்ளினான்.

"தாரு, பெரிய பீஸு வருது பாரு. உனக்குத்தான்."

ராட்டினத்தை மெதுவாகத் திருப்பினான். கிண்ணம் விஜயாவைத் தாண்டி, என் கணவரைத் தாண்டி, என்னைத் தாண்டி, தாரணியின் முன்னால் வந்து நின்றது.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் நான் என்னவெல்லாம் செய்திருக்கலாம்? என் ஸ்பூனை விட்டு அந்தத் துண்டை எடுத்துத் தின்றிருக்கலாம். 'சாப்பிடும்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் சிரித்திருந்தாலே போதும். நான் தலையை அசைத்தேனா? அசைக்கவில்லை என்றுதான் முதலில் டைரியில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'அசைத்தேன்' என்று எழுதினேன். பக்கவாட்டில். லேசாக.

தாரணி கண்ணாடிப் பலகையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள்.

கிரீச். கிண்ணம் நகர்ந்தது. சுற்றி வந்து சேகர் முன்னால் நின்றது.

"ஏன்டா, வேணாமா? உனக்குப் புடிக்குமே."

"உங்க ஸ்பூன் பட்டுடுச்சிப்பா," என்றாள். மரியாதையாக, மெதுவாகச் சொன்னாள்.

"பட்டா?"

"பட்டா சாப்புடக் கூடாது. அத்தை சொல்லியிருக்காங்க."

சேகர் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"வேற என்னாம்மா சொல்லியிருக்காங்க அத்தை?"

நான் "சேகரு..." என்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. தாரணி நேராக உட்கார்ந்தாள். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"அப்பா தட்டு, டம்ளரைத் தொடக் கூடாது. அப்பா ஸ்பூன் பட்டதைச் சாப்பிடக் கூடாது. அப்பா முகத்துக்கு நேரா உட்காரக் கூடாது. அப்பாவுக்கு முத்தம் குடுக்கக் கூடாது."

அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். "நாலுதானா?" என்றான்.

"நாலுதான்பா."

விஜயா எழுந்தேவிட்டாள். ஏழு மாதமாக என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"அண்ணி, நானும் ஏழு மாசமா இவரு கூட ஒரே ரூம்புல படுக்கறேன். இவரு மிச்சம் வச்ச சோத்தத்தான் திங்கறேன். என்னப் பாருங்க. நல்லாப் பாருங்க. ஏதாச்சும் தெரியுதா? நா பத்தாவது ஃபெயிலு. எனக்கு நர்ஸம்மா சொன்னது புரிஞ்சிது. பாடம் நடத்துற உங்களுக்குப் புரியலியா?"

"ஒக்காரு விஜயா," என்றான் சேகர்.

"என்னாத்துக்கு ஒக்காரணும்? பொண்ணக் கூப்புடுங்க. வீட்டுக்குப் போவலாம்."

அவன் தாரணியைக் கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்பா கூட வீட்டுக்கு வர்றியாடா?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் சொன்னேன். "போம்மா. அப்பாவுக்கு நல்லாயிடுச்சி. போ." என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. குழந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "அத்தையும் வருவாங்களா?"

சேகர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, மீதியிருந்த கோபியைச் சாப்பிட ஆரம்பித்தான். பெரிய துண்டு முதலில். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. முடித்ததும் சில்லி சிக்கன் கிண்ணத்தைத் திருப்பினான். ஒரு துண்டு மிச்சம். வழக்கம்போல ஸ்பூனால் இரண்டாக வெட்டினான். ஒன்றைச் சாப்பிட்டான். இன்னொன்றைக் கிண்ணத்திலேயே விட்டு, ராட்டினத்தைத் தள்ளினான். கிண்ணம் என் முன்னால் வந்து நின்றது.

நான் ஸ்பூனை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். கை பாதி தூரம் போனது. அப்போது கதவைத் திறந்துகொண்டு பாய் வந்து, "ஐஸ்கிரீம் எத்தினி டீச்சரம்மா?" என்றார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். பாய் வராமல் இருந்தால் சாப்பிட்டிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியாது.

"ஐஸ்கிரீம் வேணாம் பாய்," என்றான் சேகர். எழுந்தான். பக்கத்து நாற்காலியிலிருந்த ஸ்கூல் பேக்கை எடுத்து என் கணவரிடம் கொடுத்தான். "மாமா, இத எடுத்துக்கிட்டுப் போங்க. அங்கியே யூஸ் பண்ணட்டும். ஸ்கூல் தொறந்துடுச்சில்ல, நடுவுல மாத்த வேணாம்."

"மச்சான், அவசரப்படாத. நா சொல்றேன் கேளு..."

"அவசரம்லாம் இல்ல மாமா. பயந்துக்கிட்டு வர்ற புள்ளைய நா எப்பிடித் தூக்கிக்கிட்டுப் போறது?"

வாசலில், அந்தச் சிவப்பு விளக்குக்குக் கீழே, தாரணியிடம் குனிந்தான். தலையில் கை வைக்கப் போனவன் பாதியில் நிறுத்தி, தன் சட்டையைத் தடவிக்கொண்டான். விஜயா முன்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

3.05 பஸ். ஜன்னலோரம் தாரணி, மடியில் ரோஸ் கலர் பேக். கவரைப் பிரிக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, "அத்தை, நான் தப்பா சொல்லிட்டேனா?" என்றாள். "இல்ல" என்றேன். "நாலும் சரியா?" "சரி." அவள் திருப்தியாகத் தூங்கிப்போனாள்.

புதுச்சத்திரத்தில் என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நா அவன் கூட சூப்பு குடிச்சேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் அப்படித்தான், திட்டினால்கூடத் தேவலை என்று நினைக்க வைப்பார்.

எதையும் முறையாகச் செய்கிறவர்களால் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒழுங்கில்லாதவன் செய்யும் கொடுமை பாதியில் நின்றுவிடும், மறந்துபோவான், சோம்பல்படுவான். எங்களை மாதிரி ஆட்கள் ஆணி அடித்து, பேர் வெட்டி, விதி எழுதி, ஒரு நாள் விடாமல் செய்வோம். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த நெய்வேலி வாசகி இதைப் படித்தால், அவர் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவில் தேதி ஒட்டியிருந்தால், கிழித்துப் போட்டுவிடட்டும்.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. 4.50-க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. முதல் வேலையாகக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் போய், ஆணியில் தொங்கிய பையிலிருந்து அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்தேன். மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவினேன். ஆணியைப் பிடுங்கினேன். 'சே' என்று வெட்டிய டம்ளரில் காபி ஊற்றி, உதடு படக் குடித்தேன். அதற்குள் தாரணி எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதே டம்ளரைக் கழுவி, அவளுக்குப் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, மேசையில் அவள் முன்னால் வைத்தேன்.

எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்து, மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

இருபத்தாறு வருட சர்வீஸ். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை மறந்ததில்லை.